தூக்கிப் பேசிய படங்கள், தள்ளி வைத்த படங்கள்: ரங்கூன் திரையிடலுக்கு எது?

தம்வே ரசிகன்:

பர்மாத் தமிழர்கள் நாம் ரங்கூனில் நடத்தும் அடுத்த திரையிடலுக்குப் படம் பொறுக்குவதற்கு முன்னால் ஒரு பழைய கணக்கைத் தீர்த்துவிடுவோம். தகுதிக்கு மேல் தூக்கிப் பேசப்பட்ட படம் எது, தகுதி இருந்தும் கண்டுகொள்ளாமல் விட்டது எது? வெறுமனே பிடித்தது, பிடிக்கவில்லை என்று எழுத வேண்டாம். எந்த இடத்தில் ஏறுகிறது, எந்த இடத்தில் சரிகிறது என்று காட்சியைக் காட்டிச் சொல்லுங்கள்.

என் பக்கத்தை முதலில் வைக்கிறேன். ‘பராசக்தி’ 1952, ‘அந்த நாள்’ 1954. இரண்டிலும் சிவாஜி, இரண்டுக்கும் ஒளிப்பதிவு எஸ். மாருதி ராவ், இரண்டும் ஏ.வி.எம். பின்னணியில் வந்தவை. இடையில் இரண்டே வருடம். ஆனால் முதல் படத்தில் கேமரா பேசுகிறவர் எதிரில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டாவதில்தான் அது வேலை பார்க்கிறது. எஸ். பாலசந்தர் கதாநாயகனைத் தொடக்கத்திலேயே துப்பாக்கிச் சத்தத்தோடு சாய்த்துவிடுகிறார். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். சொல்கிறவர் மாற மாற செத்தவனும் வேறு ஆளாகத் தெரிகிறான். பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது. வெளியானபோது ஓடவில்லை. நம் ஊரில் ‘பராசக்தி’ வசனத்தை ஒப்பிக்கத் தெரியாத பெரியவர் குறைவு, ‘அந்த நாள்’ பார்த்தவரும் குறைவு. என் கணக்கில் முதலாவது அதிகமாகத் தூக்கியது, இரண்டாவது தள்ளி வைத்தது.

கம்பை பெரியவர்:

தம்பி, தராசை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். ‘பராசக்தி’ பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்திலிருந்து வந்தது. கிருஷ்ணன் – பஞ்சு இயக்கம், மு. கருணாநிதி வசனம், சிவாஜிக்கு முதல் படம். அங்கே வசனம்தான் சம்பவம். கேமரா குறுக்கே ஓடினால் அது கெட்டுப்போகும்.

நீதிமன்றக் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். ஒரு சின்ன வாக்கியம், அடுத்தது இன்னும் சின்னது, பிறகு தன்னையே ஒரு கேள்வி, அதற்குத் தானே பதில், அதன் பின்தான் நீள வாக்கியம். சிவாஜி அந்த நீள வாக்கியத்துக்கு முன்னால் மூச்சை நிரப்பிக்கொள்கிறார், நடுவில் எடுப்பதில்லை. அதனால்தான் கேட்கிறவனுக்கும் மூச்சு நிற்கிறது. ஒப்பிக்கிற பிள்ளைகள் எல்லாரும் தடுமாறுவது இந்த இடத்தில். வார்த்தை மறந்து தடுமாறுவதில்லை, மூச்சு போதாமல் தடுமாறுகிறார்கள். எழுபது வருடம் கழித்தும் ஒரு காட்சியை வாயால் எடுத்துப் போக முடிகிறது என்றால் அதை அதிகப்படியான புகழ் என்று நான் சொல்ல மாட்டேன்.

‘அந்த நாள்’ நல்ல படம், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதை இன்னும் ‘தள்ளி வைத்த படம்’ என்பது பழைய பேச்சு. தமிழில் நல்ல படம் எது என்று யார் பட்டியல் போட்டாலும் அது வந்துவிடுகிறது. வசூலில் தோற்றது ஒன்று, மதிப்பில் தோற்றது ஒன்று. இரண்டையும் குழப்பாதீர்கள்.

மோல்மீன் வாசகி:

ஐயா சொல்வதை ஒப்புக்கொண்டாலும் ஒரு குறை பாக்கி இருக்கிறது. நம் ஆட்கள் ‘பராசக்தி’யை ‘நம்ம ஊர்ப் படம்’ என்று கொண்டாடுவது ரங்கூன் அண்ணன்தம்பிகள் கதை என்பதால். ரங்கூன் மேல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. ஜப்பானியர் நகரைப் பிடித்தது 1942 மார்ச் 8. அந்தச் சில மாதத்தில் லட்சக்கணக்கானவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே போனார்கள். படத்தில் அந்த நடையை உடம்பில் சுமப்பவர் ஒருவர்தான், எஸ்.எஸ். ராஜேந்திரன் செய்த ஞானசேகரன். காலை இழந்து, பிச்சைக்காரர்களைத் திரட்டி நிற்கிறார். சிவாஜியின் குணசேகரனுக்குக் கிடைத்த நேரத்தில் கால்பங்கு அவருக்குக் கிடைத்திருந்தால் இது பர்மாக்காரர் படம் ஆகியிருக்கும். இப்போது அது மதுரை, சென்னைப் படம். அந்த ஊர்க் கோபத்துக்கு நம் ஊர் ஒரு வாசல்படி, அவ்வளவுதான். படமாக உயர்ந்தது, ‘நம்ம படம்’ என்கிற அளவில் தூக்கிப் பேசியது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

நம் ஊர்ப் பெயரைத் தலைப்பிலேயே வைத்த ‘பர்மா ராணி’ (1945) பற்றி யாரும் பேசுவதில்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் எடுத்து, தானே ஜப்பானிய அதிகாரியாக நடித்தது. அது போர்ப் பிரசாரப் படம். பிரசாரம் என்பதாலேயே பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த ஆண்டுகளில் ஊர்க்காரர்களுக்கு என்ன சொல்லி நம்பவைக்க முயன்றார்கள் என்பது அதில் பதிந்திருக்கிறது.

டல்லா தம்பி:

‘ரங்கூன்’ (2017) விட்டுப்போச்சே அக்கா. ராஜ்குமார் பெரியசாமிக்கு முதல் படம். சின்ன வயதில் பர்மாவிலிருந்து வந்தவன் சென்னையில் வளர்ந்து, தங்கக் கடத்தலுக்காகத் திரும்ப இங்கேயே வருகிறான். கௌதம் கார்த்திக் நல்லா பண்ணியிருப்பார். அது ஓடின அளவும் பேசப்பட்ட அளவும் ரொம்பக் குறைவு. அதே இயக்குநர் 2024இல் ‘அமரன்’ எடுத்த பிறகுதான் பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

தூக்கினதுக்கு என் ஓட்டு ‘நாயகன்’ (1987). முதல் ஒரு மணி நேரம் அசைக்க முடியாது. அப்புறம் வருடங்கள் தாவித் தாவிப் போகுது. வேலு எப்படி அத்தனை பெரிய ஆள் ஆனான் என்பதைக் காட்டாமல், ஆகிவிட்டான் என்று முடியை நரைக்க வைத்துக் காட்டுகிறார்கள்.

கம்பை பெரியவர்:

அந்தத் தாவல் குறை இல்லை தம்பி. படம் கேட்கிறது ‘எப்படி ஏறினான்’ என்பதை அல்ல. ஏறியதற்கு வீட்டில் என்ன விலை கொடுத்தான் என்பதை. அதனால் ஒவ்வொரு தாவலும் ஒரு இழப்பில் போய் இறங்குகிறது: மனைவி, மகன், மகள். நடுவில் இருக்கும் தொழில் விவரத்தை மணிரத்னம் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்.

இன்னொன்று. அந்தப் படத்துக்குத் தேசிய விருது மூன்று வந்தது. கமலுக்கு நடிப்பு, பி.சி. ஸ்ரீராமுக்கு ஒளிப்பதிவு, தோட்டா தரணிக்குக் கலை. தாராவியைச் சென்னையில் செட் போட்டு எழுப்பினார்கள். செட் என்று தெரியாமல் போனதற்குக் காரணம் ஒளி. தலைக்கு மேலிருந்து மங்கலாக விழும், கண்குழி இருட்டில் கிடக்கும். நீங்கள் எந்தப் பிரதியில் பார்த்தீர்கள்?

சிரியம் ஒலிக்காரர்:

ஐயா கடைசியில் கேட்ட கேள்விதான் முதலில் கேட்டிருக்க வேண்டியது. இந்த விவாதத்தில் பாதிப் படங்களை நாம் பார்க்கவே இல்லை, அவற்றின் கெட்ட பிரதியைத்தான் பார்த்திருக்கிறோம். கெட்டுப்போகும் வழிகளைச் சொல்கிறேன்.

முதலில் வெட்டு. இங்கே வருடக்கணக்கில் படம் வந்தது வி.சி.டி.யில். ஒரு வட்டில் 74 முதல் 80 நிமிடம்தான் அடங்கும். இரண்டு வட்டில் போட்டால் அதிகபட்சம் 160 நிமிடம். இரண்டே முக்கால் மணி நேரப் படத்துக்கு மூன்றாவது வட்டு வேண்டும். செலவைக் குறைக்க இரண்டிலேயே அடக்கினால் ஏதாவது போயாக வேண்டும். போவது பெரும்பாலும் பாட்டோ, வசனம் இல்லாத காட்சியோ. மெதுவாக நகரும் படத்தில் வசனம் இல்லாத காட்சிதான் உயிர். அதை எடுத்துவிட்டு ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்று தீர்ப்புச் சொல்கிறோம்.

அடுத்தது வேகம். திரையில் நொடிக்கு 24 ஃப்ரேம். பால் (PAL) என்ற டி.வி. முறையில் வட்டாக மாற்றும்போது பல இடங்களில் 25ஆக ஓட்டிவிடுகிறார்கள். 150 நிமிடப் படம் 144இல் முடியும். ஒலியையும் சேர்த்து ஓட்டியிருந்தால் சுருதி அரைக் கட்டையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறும். சிவாஜியின் கனத்த குரல் மெலியும், ஐயா சொன்ன அந்த மூச்சு இடைவெளியும் சுருங்கும்.

வெட்டா, வேகமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் வரும் இடத்தில் நிறுத்துங்கள். நீளம் மீட்டரில் போட்டிருக்கும். 35 எம்.எம். படச்சுருள் நிமிடத்துக்கு 27.4 மீட்டர் ஓடும். ஆக 4,000 மீட்டர் என்றால் 146 நிமிடம். உங்கள் ஃபைல் 140 காட்டினால் வேகம் கூட்டியிருக்கிறார்கள், படம் முழுசு. 130 காட்டினால் வெட்டு விழுந்திருக்கிறது. சான்றிதழில் அடி கணக்கு இருந்தால் நிமிடத்துக்கு 90 அடி.

மூன்றாவது அகலம். ‘ராஜராஜ சோழன்’ (1973) தொடங்கித் தமிழில் சினிமாஸ்கோப் வந்தது. உயரம் 1 என்றால் அகலம் 2.35. அதைப் பழைய சதுர டி.வி.க்கு வெட்டினால் படத்தின் அகலத்தில் நூற்றுக்கு 43 பங்கு போய்விடும். இன்றைய அகல டி.வி.யை நிரப்ப வெட்டினாலும் 24 பங்கு போகும். இரண்டு ஓரத்திலும் ஆளை நிறுத்திப் பேசவைத்த காட்சியில் ஒருவர் மூக்கு மட்டும் தெரியும். ‘ஃப்ரேம் சரியில்லை’ என்று ஒளிப்பதிவாளரைத் திட்டுவோம்.

வெளிச்சம் ஏற்றுவது கடைசி. ‘நாயகன்’ மாதிரிப் படத்துக்குப் பிரைட்னஸ் ஏற்றினால் கண்குழி தெரியும், கூடவே செட்டின் அட்டைச் சுவரும் தெரியும். டி.வி.யில் ‘விவிட்’ என்ற அமைப்பை அணைத்துவிட்டு ‘சினிமா’ என்பதில் வைத்துப் பாருங்கள். வேலு நாயக்கர் வேறு ஆளாகத் தெரிவார்.

டல்லா தம்பி:

அண்ணே, வீட்டில் இருக்கும் ஃபைலைப் பார்த்தேன். அகலம் முழுசும் வெட்டு, நிறம் பஞ்சுமிட்டாய் மாதிரி. என் ஓட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், நல்ல பிரதி பார்த்துவிட்டு வருகிறேன்.

ஆனால் பிரதிமேல் பழி போட முடியாத படம் ஒன்று: ‘அன்பே சிவம்’ (2003). அது பொங்கலுக்கு வந்து தோற்றது. அப்புறம் டி.வி.யில் போட்டுப் போட்டு ஊரே தூக்கி வைத்தது. இப்போது அது தள்ளி வைத்த படமா, தூக்கி வைத்த படமா?

மோல்மீன் வாசகி:

இரண்டும் ஒரே படத்துக்குள் இருக்கிறது. ரயில் விபத்துக்குப் பிறகு மாதவன் ரத்தம் கொடுத்த பையன் ஆம்புலன்ஸிலேயே இறந்துபோவான். அதுவரை எல்லாவற்றுக்கும் வாய் ஓயாமல் பதில் வைத்திருந்த ஆள் அங்கே பேச்சற்று உடைகிறான். படம் சொல்ல வந்தது முழுவதும் அந்த இடத்தில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் கமல் கடவுளைப் பற்றிப் பேசுவது, நாம் ஏற்கெனவே உணர்ந்ததற்கு விளக்கவுரை. மக்கள் பகிர்வது அந்த விளக்கவுரையைத்தான். எனவே தூக்கிப் பேசியது அந்த வசனம், கவனிக்காமல் விட்டது அந்த ஆம்புலன்ஸ். சுந்தர் சி. இயக்கத்தில் இப்படி அமைதியான ஒரு காட்சி இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

தம்வே ரசிகன்:

அக்கா சொன்னது எனக்கும் உறைக்கிறது. மொத்தப் படத்துக்கும் ஒரே சீட்டு ஒட்டுவது தப்பு.

அப்படியானால் இதையும் எடைபோடுங்கள். ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ (1978). வண்ணப்படம் பரவிய பிறகு கருப்பு வெள்ளையில் எடுத்தது. கமலும் ரஜினியும் இருந்தும் நடுவில் நிற்பது ஸ்ரீப்ரியாவின் மஞ்சு. ரஜினி செய்த விளம்பரக் கம்பெனி முதலாளிக்கு நல்லவன் வேஷமும் இல்லை, முழு வில்லன் வேஷமும் இல்லை. இன்று பார்க்கிற பிள்ளைகள் மஞ்சு ஏன் இப்படி இருக்கிறாள் என்று கேட்டால் படம் தோற்றது, ஏன் அவளை இப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டால் படம் ஜெயித்தது. இது தள்ளி வைத்ததுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

கம்பை பெரியவர்:

ஒப்புக்கொள்கிறேன். கூடவே பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988). அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். விருது வந்தும் நம் ஊரில் யாரும் பேசாத படம். பாட்டு இல்லை. இளையராஜா முன்பே செய்து வைத்திருந்த ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பிலிருந்து எடுத்துப் பின்னணிக்கு வைத்தார்கள்.

ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். பாதி கட்டி நிற்கிற வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாக வருகிறார். சொக்கலிங்க பாகவதர். கதவு இல்லை, ஜன்னல் இல்லை, பூசாத செங்கல். அவர் எதுவும் பேசுவதில்லை. உள்ளே போய்ச் சுவரைத் தடவிப் பார்க்கிறார். அந்தக் கை சுவரில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பாருங்கள். அவசரக்கார இயக்குநர் சுவரைத் தொட்டதும் முகத்துக்கு வெட்டியிருப்பார், கண்ணில் நீரைக் காட்டியிருப்பார். இவர் காத்திருக்கிறார். தாத்தா திரும்பிப் போகிற வழியிலேயே இறந்துபோகிறார் என்று தெரிந்த பிறகுதான் அந்தக் கையின் கனம் நமக்கு ஏறுகிறது.

ஒலிக்காரர் சொன்ன இரண்டு வட்டுக் கணக்கில் முதலில் போயிருக்கக்கூடியது இந்தக் காட்சிதான். படத்தின் நெகட்டிவும் இல்லை என்று பாலு மகேந்திராவே வருந்திச் சொல்லியிருக்கிறார். கிடைக்கிற பிரதி மங்கலாக இருப்பதற்கு நாம் யாரையும் நோக முடியாது. இருக்கிறதைப் பார்த்துவிட வேண்டும்.

சிரியம் ஒலிக்காரர்:

அப்படியானால் திரையிட வேண்டியது இது, அல்லது ‘அந்த நாள்’. எதுவானாலும் பர்மிய சப்டைட்டில் வேண்டும். பேசினால் புரிகிற, தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளைகள்தான் பாதிக்கு மேல் வருவார்கள். தமிழ் வசனம் வேகமாகப் போகும் இடத்தில் அவர்களுக்குப் பர்மிய எழுத்து உதவும்.

இதில் நான்கு இடத்தில் சிக்கல் வரும். பழைய பர்மிய சப்டைட்டில் ஃபைல்கள் ஸோஜி எழுத்துருவில் இருக்கும். 2019 அக்டோபர் 1 முதல் நாடு யூனிகோடுக்கு மாறியது. இப்போதைய பிளேயரில் ஸோஜி ஃபைலைத் திறந்தால் உயிர்க்குறிகள் இடம் மாறிக் குதறிக் கிடக்கும். மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, யூ.டி.எஃப்-8 என்று சேமியுங்கள். மாற்றிய பிறகு ஒருவர் முழுக்க வாசித்துப் பார்க்க வேண்டும், அடுக்கெழுத்துகளில் பிழை தங்கும்.

பர்மிய எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. பிளேயருக்கு எங்கே வரியை மடிப்பது என்று தெரியாமல் திரைக்கு வெளியே ஓடிவிடும், இல்லை அசையின் நடுவில் உடைக்கும். சொற்றொடர் முடிகிற இடத்தில் நீங்களே என்டர் தட்டி இரண்டு வரியாக்குங்கள். மூன்றாவது வரி வேண்டாம்.

நேரம் விலகுவது அடுத்தது. 24 ஃப்ரேம் பிரதிக்குச் செய்த சப்டைட்டிலை 25இல் ஓடும் பிரதியோடு போட்டால் தொடக்கத்தில் சரியாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பின்தங்கும். வி.எல்.சி. பிளேயரில் ‘ஜி’, ‘ஹெச்’ விசையைத் தட்டி நகர்த்துவது தொடக்கம் தள்ளியிருந்தால் மட்டும் உதவும். போகப் போக விலகுவதை அது தீர்க்காது. சப்டைட்டில் எடிட் மென்பொருளில் ஃப்ரேம் வேகத்தை 24இலிருந்து 25க்கு மாற்றுங்கள். எல்லா நேரமும் 0.96ஆல் பெருகிவிடும். சரியா என்று பார்க்க முதல் வசனம், கடைசி வசனம் இரண்டையும் ஓட்டிப் பார்த்தால் போதும். முதலாவது பொருந்தி, நடுவில் ஓரிடத்திலிருந்து கடைசி வரை ஒரே அளவு விலகினால் உங்கள் பிரதியில் வெட்டு இருக்கிறது, அந்த இடத்திலிருந்து தனியாக நகர்த்த வேண்டும்.

கடைசிச் சிக்கல் மொழிபெயர்ப்பு. ‘அந்த நாள்’ படத்தில் ஒவ்வொரு சாட்சியும் பேசுகிற தமிழ் வேறு. எல்லாருக்கும் ஒரே மரியாதைப் பர்மியம் போட்டால் யார் நடிக்கிறார், யார் மறைக்கிறார் என்பதே போய்விடும். யாருக்கு எந்த ‘நான்’, எந்த ‘நீ’ என்று மொழிபெயர்க்கத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மோல்மீன் வாசகி:

அந்த நான்–நீ வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். என் ஓட்டு இந்த முறை ‘அந்த நாள்’, அடுத்தது ‘வீடு’. காரணம் 1943இல் ஜப்பானியக் குண்டுக்குச் சென்னை பயந்துகொண்டிருந்த காலம் அதில் இருக்கிறது. அதே பயத்தின் இந்தக் கரைக் கதை நம் வீடுகளில் இருக்கிறது. பிள்ளைகள் வீட்டில் போய்க் கேட்பார்கள்.

கம்பை பெரியவர்:

சரியம்மா. முன்பு ‘அது தள்ளி வைத்த படம் இல்லை’ என்றேன். சென்னைக் கணக்கில் அது சரி. நம் ஊர்க் கணக்கில் தம்வே தம்பி சொன்னதுதான் சரி, இங்கே அது இன்னும் திரைக்கே வரவில்லை.

தம்வே ரசிகன்:

அப்படியே வைத்துக்கொள்வோம் ஐயா. ஒலிக்காரர் அண்ணே, கரண்ட் போனால்?

சிரியம் ஒலிக்காரர்:

போகும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். புரொஜெக்டர் 250 வாட், லேப்டாப் 60, ஸ்பீக்கர் 60, மொத்தம் 370. 12 வோல்ட் 100 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) ஈய அமில பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கிறது என்றாலும் பாதிக்கு மேல் இழுத்தால் பேட்டரி சீக்கிரம் சாகும். ஆக 600. இன்வெர்ட்டரில் நூற்றுக்கு 15 பங்கு வீணாகும், மிச்சம் 510. ஒரு பேட்டரி ஒரு மணி இருபது நிமிடம் தாங்கும். ‘அந்த நாள்’ இரண்டு மணி பத்து நிமிடம், இரண்டு பேட்டரி வேண்டும். புரொஜெக்டரை மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ‘ஈகோ’ அமைப்பில் வைத்தால் இன்னும் கொஞ்சம் நீளும், கருப்பு வெள்ளைக்கு அந்த வெளிச்சம் போதும். அறை நன்றாக இருட்டாக இருந்தால் சரி.

புரொஜெக்டர் விளக்கு சூடாக இருக்கும்போது மின்சாரம் பட்டென்று நிற்கக் கூடாது. காற்றாடி நின்று விளக்கு வெந்துபோகும். அதனால் கரண்ட் போன பிறகு மாற்றுவது வேண்டாம், முதலிலிருந்தே இன்வெர்ட்டர் வழியாக ஓட்டுங்கள்.

ஒலிக்கு ஒரே ஸ்பீக்கர் திரைக்குக் கீழே நடுவில். 1954 படம், ஒற்றைத் தடம். இரண்டு பக்கமும் வைத்தால் குரல் ஆளைவிட்டு விலகி நிற்கும். 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இரைச்சல்தான் இருக்கும், ட்ரெபிளை இறக்குங்கள். 100க்குக் கீழே உறுமல், பாஸையும் இறக்குங்கள். ஆனால் தொடக்கத் துப்பாக்கிச் சத்தத்தை வைத்து வால்யூம் அமைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் முதலில் பேசுகிற இடத்தை ஓட்டி, கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

டல்லா தம்பி:

கடைசி வரிசையில் நான் உட்காருகிறேன் அண்ணே. சான்றிதழ் இருக்கும் பிரதி கிடைத்தால் மீட்டரைப் பார்த்து இங்கே போடுகிறேன்.